ஆர்லீன் கை தூக்கிய பிறகு

ஆர்லீன் ஸ்டட்ஸ்மன் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்தது தையல் மெஷினுக்கு முன்னால் மட்டும்தான். கேரவன் என்ற வீட்டு வண்டிகள் செய்யும் ஆலையில், அவற்றுக்குத் திரைச்சீலையும் மெத்தை உறையும் தைக்கும் பகுதியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தாள். மெஷின் ஓடும்வரை இடத்தை விட்டு அசைய மாட்டாள். அது நின்றால் இவளுக்குக் கால் நிற்காது. சாப்பாட்டு இடைவேளையில்கூட சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு ஆலையைச் சுற்றி நடப்பாள்.

இண்டியானா மாநிலத்து எல்கார்ட்டில் என் வீடும் அவள் வீடும் ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அதே ஆலையில் நான் தண்ணீர்க் குழாய் பொருத்துகிறவன். எனக்கு 2008 இலையுதிர் காலத்திலேயே வேலை போய்விட்டது. அதனால் அடுத்த வருடம் அவள் வீட்டில் நடந்ததை ஜன்னல் வழியாகவும் வேலி மேலாகவும் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் நிறைய இருந்தது.

அவள் கணவன் டெல், தயாரான கேரவன்களை நாடு முழுக்க உள்ள கடைகளுக்கு ஓட்டிக் கொண்டுபோய் விடுகிறவன். ஒரு காலத்தில் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. ஆர்லீன் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் காலைக் காபியோடு ஒரு பேச்சு தவறாமல் நடக்கும்.

"என்னோடது எப்படி இருக்கு?" என்று கேட்பாள்.

"உன்னை மாதிரியேதான். அஞ்சு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்குது. எந்திரி, நடன்னு விரட்டிக்கிட்டே இருக்கு," என்பான் டெல்.

வேறொருவர் உறுப்பை உடம்பு ஏற்காமல் தள்ளிவிடப் பார்க்கும். அப்படித் தள்ளாமல் இருக்க அவன் காலையும் மாலையும் மாத்திரை போட வேண்டும், உயிர் உள்ளவரை. முதல் மூன்று வருடம் அரசாங்கக் காப்பீடு அந்த மாத்திரைக்குப் பணம் கொடுத்தது. பிறகு நிறுத்திவிட்டது. அப்புறம் ஆர்லீனுடைய ஆலைக் காப்பீடுதான். சொந்தக் காசில் வாங்கக்கூடிய மாத்திரை இல்லை அது.

2009 ஜனவரியில் விற்காத கேரவன்கள் ஊர்க்கோடி வயல்களில் பனி மூடி வரிசையாக நின்றன. வங்கிகள் கடன் கொடுப்பதை நிறுத்தியிருந்தன. கடன் இல்லாமல் யார் கேரவன் வாங்குவார்கள்? கொண்டுபோய் விட வண்டி இல்லாமல் டெல்லும் வீட்டோடு இருந்தான். ஒரு நாள் மதியத்துக்கு மேல் மேற்பார்வையாளர் டுவைட் லாம்பிரைட் தையல் பகுதிக்கு வந்து எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னார்.

"பதினாலு பேர் இருக்கீங்க. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எட்டுப் பேருக்குத்தான் வேலை. தானா போறேன்னு சொல்றவங்களுக்கு ரெண்டு வாரச் சம்பளம் சேர்த்துத் தர்றோம். ஆறு கை வரலைன்னா மிச்சத்த நான்தான் பொறுக்கணும். அத என்னைச் செய்ய வெச்சிராதீங்க."

லாம்பிரைட் இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தார். பார்வை இரண்டாவது வரிசைக்கு வருவதற்குள் ஆர்லீனின் கை மேலே போய்விட்டது.

அவள் பக்கத்து மெஷினில் டெஸ்ஸா என்று ஒரு சின்னப் பெண், ஆறு மாதக் கர்ப்பிணி. அவள் வேலை போகக்கூடாது என்றுதான் ஆர்லீன் கை தூக்கினாள் என்று ஊரில் பேச்சு பரவியது. தேவாலயச் சபைப் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து, உருளைக்கிழங்கு மசியலும் நூடுல்ஸும் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆர்லீனுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை.

"டெஸ்ஸாவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல," என்றாள் என்னிடம். "அந்த ஆளு கடைல தக்காளி பொறுக்கற மாதிரி ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கிட்டே வந்தாரு, வெர்ன். வெள்ளிக்கிழமை வரைக்கும் அப்படி உக்காந்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது."

டெல் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தூக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்," என்றான்.

"அதுக்குள்ள ஆறு கை வந்துட்டா? ரெண்டு வாரச் சம்பளமும் போயிருக்கும்."

"சரி. மாத்திரைக்கு?"

ஆர்லீன் தூசு உறிஞ்சும் மெஷினை எடுத்து, காலையில் சுத்தம் செய்த கூடத்தை மறுபடி சுத்தம் செய்ய ஆரம்பித்தாள். வேலியின் இந்தப் பக்கம் எனக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அடுத்து வந்த நாட்களிலும் அது ஓய்ந்தபாடில்லை. கூடம் முடிந்தால் மாடிப்படி, படி முடிந்தால் கார்.

வேலை போனாலும் ஆலையின் காப்பீட்டை ஒன்றரை வருடம் வரை நாமே வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் உண்டு. ஆனால் இதுவரை கம்பெனி போட்டுவந்த பங்கையும் சேர்த்து நாம்தான் கட்ட வேண்டும். அந்த ஏற்பாட்டுக்கு எல்லோரும் சொல்லும் பெயர் கோப்ரா. "பேர் வெச்சவன் பில்லப் பாத்துட்டுத்தான் வெச்சிருக்கான்," என்றான் டெல். வேலையில்லாதவர்களுக்கு வாராவாரம் வரும் பணத்தில் பெரும்பகுதியை அந்தப் பாம்பு விழுங்கியது. முதல் மாதம் சேமிப்பிலிருந்து கட்டினார்கள். இரண்டாம் மாதத்துக்கு டெல்லின் மீன்பிடிப் படகு போயிற்று.

ஆர்லீன் வேலை தேடாத இடம் இல்லை. எல்கார்ட், கோஷன், நப்பனி என்று காலையில் காரை எடுத்தால் எங்கெங்கோ போய்விட்டு வருவாள். எல்லா இடத்திலும் அவளுக்கு முன்னால் ஒரு வரிசை நிற்கும், வரிசையில் பாதிப் பேர் தெரிந்த முகம். வீட்டுக்கு வந்தாலும் கோட்டைக் கழற்ற மாட்டாள். அடுப்படியில் கோட்டோடு நின்று காபி குடிப்பாள், இன்னும் எங்கோ போக வேண்டியிருப்பதைப் போல.

பிப்ரவரி நடுவில் புதுச் சட்டம் ஒன்று வந்தது. வேலையிலிருந்து அனுப்பப்பட்டவர்களின் கோப்ரா கட்டணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை ஒன்பது மாதத்துக்கு அரசாங்கமே ஏற்கும் என்று டெல் வானொலியில் கேட்டுவிட்டுக் கூப்பிட்டான். ஆர்லீன் கோட்டோடுதானே இருந்தாள், அப்படியே ஆலை அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டாள். விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தாள். மார்ச் வந்தும் பதில் வராததால் மறுபடி போனாள்.

அலுவலகத்தில் ஆட்கள் விஷயத்தைப் பார்க்கிறவள் மார்னி. ஆர்லீனைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"உங்களுக்கு அது கிடைக்காது ஆர்லீன். அது அனுப்பப்பட்டவங்களுக்கு. நீங்க தானா போனீங்க."

"நானா போனேனா?"

"கை தூக்கினீங்களே."

"ஆறு பேர் தூக்கலைன்னா அவரே பொறுக்குவேன்னாரு. எப்படியும் ஆறு பேர் போயிருப்போம்."

"அப்படி யாரும் சொன்னதா இங்க எதுவும் இல்ல," என்றாள் மார்னி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தப் பங்க மொதல்ல கம்பெனி போடணும், அப்புறம்தான் கவர்ன்மென்ட்டு கழிச்சுக் குடுக்கும். மொதல்ல போடறதுக்கு இங்க என்ன இருக்குன்னு நினைக்கறீங்க? அடுத்த மாசம் நானே இந்த நாற்காலில இருப்பேனான்னு தெரியல," என்றாள்.

ஆர்லீனுக்கு அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை. அன்றே தொழிலாளர் துறைக்கு மேல்முறையீடு எழுதிப் போட்டாள். சில நாளில் வாஷிங்டனிலிருந்து ஓர் அதிகாரி கூப்பிட்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்ததில் டெல்லுக்குத் தலை சுற்றியதாம்.

"பேர் போதலைன்னா மிச்சப் பேர அவங்களே தேர்ந்தெடுப்போம்னு உங்ககிட்ட சொன்னாங்களா மேடம்?"

"சொன்னாங்க. எல்லார் முன்னாடியும்."

"அப்படின்னா அது தானா போனதா ஆகாது. அனுப்பினதாத்தான் எடுத்துக்குவோம். ஆனா கம்பெனி அப்படிச் சொல்லவே இல்லன்னு எழுதியிருக்கு. கூட இருந்து கேட்டவங்க யாராவது சொல்லுவாங்களா?"

"பதிமூணு பேர் கேட்டாங்க," என்றாள் ஆர்லீன். இனி ஒன்றும் கஷ்டமில்லை என்றுதான் நினைத்தாள்.

அந்தப் பதிமூன்று பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கை தூக்கிய மற்ற ஐவரில் இரண்டு பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். மூன்று பேருக்குக் கணவன்மார் இன்னும் அதே ஆலையில் இருந்தார்கள். வேலையில் எஞ்சியிருந்தவர்கள் ஆர்லீனின் கார் வாசலில் நிற்பதைப் பார்த்தாலே பின்கட்டில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் டெஸ்ஸா வீட்டுக்குப் போனாள். டெஸ்ஸா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சங்கிலியை எடுக்காமல் கதவை ஒரு கை அளவு திறந்தாள்.

"நான் எதுவும் கேக்கல ஆர்லீன். மெஷின் சத்தத்துல..."

"மெஷின நிறுத்தச் சொன்னதுக்கு அப்புறம்தான் அவரு பேசினாரு."

டெஸ்ஸா கீழே பார்த்தாள். "குழந்தை பொறக்கப்போகுது ஆர்லீன். இப்பப் போய் என் இன்சூரன்ஸ் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

கதவு மூடிக்கொண்டது. ஆர்லீன் படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். "அவ சொன்னது தப்பில்ல. அதான் எனக்கு எரியுது," என்றாள் என்னிடம்.

அந்த வாரத்தில்தான் இண்டியானாபொலிஸ் மருத்துவமனையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். டெல்லின் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவின் அளவு ஏறியிருந்தது. ஏறக்கூடாத அளவு. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறானா என்று கேட்டாள். ஆர்லீன் மாத்திரைப் புட்டியை எடுத்து உலுக்கிப் பார்த்தாள். காலியாகியிருக்க வேண்டிய புட்டி கனத்தது.

நான் அப்போது அவர்கள் வீட்டுக் குளியலறையில் ஒழுகும் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தேன். வெளியே வரவும் முடியாமல் உள்ளே இருக்கவும் முடியாமல் சிக்கிக்கொண்டேன்.

"எவ்வளவு நாளா?"

"படகு வித்ததுலேர்ந்து. சாயங்கால மாத்திரைய ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்த மாசம் கட்ட முடியலைன்னா கையிருப்பு வேணுமில்ல," என்றான் டெல்.

"யாரக் கேட்டுச் செஞ்ச?"

"நீ யாரக் கேட்டுக் கை தூக்கின?"

பிறகு ஆர்லீனின் குரல், மிகவும் மெதுவாக: "அது உன்னோடது இல்ல டெல். நம்பி உங்கிட்ட குடுத்து வெச்சிருக்கேன். அதப் பட்டினி போட உனக்கு உரிமை கிடையாது."

"நீ நடந்து நடந்து தேயற. நான் மட்டும் சோபால உக்காந்து உனக்கு வர்ற பணத்த முழுங்கிக்கிட்டு இருக்கணுமா? என்னாலயும் ஏதாவது ஆகட்டும்னு பாத்தேன்," என்றான் அவன்.

ஆர்லீன் வெளியே போய்க் காரில் ஏறினாள். நான் ஸ்பேனரோடு எட்டிப் பார்த்தபோது டெல் சோபாவில் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான். அவன் தோளில் கைவைக்க எனக்குத் தெரியவில்லை. "குழாய் சரியாயிடுச்சு," என்றேன். தலையாட்டினான். அவள் பக்கத்து மிச்சிகன் மாநில எல்லைவரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, அவனுக்கு இரண்டு சட்டையைப் பையில் திணித்து, அதே காரில் இண்டியானாபொலிஸுக்குக் கூட்டிப் போனாள். அங்கே அவனைப் படுக்கவைத்துச் சில நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். சிறுநீரகம் பிழைத்தது, ஆனால் முழுதாக இல்லை. போன அளவு போனதுதான், அது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்லவேளையாக அந்த மாதத் தவணையை அவள் அதற்கு முந்தைய வாரம்தான் கட்டியிருந்தாள்.

அடுத்த மாதத்துக்கு விற்க இனிப் படகு எதுவும் இல்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது ஒரு செய்தி காத்திருந்தது. டுவைட் லாம்பிரைட்டையும் ஆலை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆர்லீன் என் வாசலில் வந்து நின்றாள். "நீயும் வா வெர்ன். தனியாப் போனா அந்த ஆள நான் அடிச்சாலும் அடிச்சிருவேன்," என்றாள்.

லாம்பிரைட் தன் வீட்டுக் கார் கொட்டகையில், ஏற்கெனவே ஒழுங்காக இருந்த ஆணி டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"போகும்போது ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கிட்டாங்க ஆர்லீன். கம்பெனியப் பத்தி வாய் திறந்தா எனக்கு வர வேண்டிய பணம் நின்னுரும்."

"அன்னைக்கு நீங்க சொன்னது பொய்யா?"

"பொய்யில்ல."

"அப்ப?"

"பொய்யில்லன்னு உங்கிட்ட சொல்றேன். வாஷிங்டன்கிட்ட சொல்ல மாட்டேன்."

ஆர்லீன் ஓர் ஆணி டப்பாவை எடுத்தாள். எறியப்போகிறாள் என்று நினைத்தேன். அதைத் தவறான வரிசையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். கார்க் கதவைத் திறக்கும்போது லாம்பிரைட் பின்னால் வந்து, எங்களைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஓரா அன்னைக்கு அலமாரிக் கதவு எடுத்துட்டு வந்து என் பின்னாடியே நின்னுக்கிட்டு இருந்தான். அவன் காகிதம் எதுலயும் கையெழுத்துப் போடறவன் இல்ல."

ஓரா பான்ட்ரெகர் ஆமிஷ்காரன், காரும் மின்சாரமும் வேண்டாமென்று பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவன். ஆலையில் அலமாரி செய்யும் பகுதியில் இருந்தான். அவனுக்கும் பிப்ரவரியில் வேலை போய்விட்டது. ஆமிஷ்காரர்கள் வேலையில்லாதோர் பணம் வாங்க மாட்டார்கள், காப்பீடும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். யாருக்காவது உடம்புக்கு வந்தால் சபையே கூடி ஆஸ்பத்திரிப் பணத்தைப் போட்டுவிடும். நாங்கள் ஷிப்ஷிவானா பக்கம் அவன் பண்ணைக்குப் போனபோது, தோட்டத்துக் கொட்டகை ஒன்றுக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தான். ஆர்லீன் சொன்னதை முழுக்கக் கேட்டான். இழைப்புளி ஓடிக்கொண்டே இருந்தது.

"உனக்கு இன்சூரன்ஸ் வேணும். அதுக்கு நான் கவர்ன்மென்ட்டுக்கு எழுதிக் குடுக்கணும்."

"ஆமா."

"அது ரெண்டு கூடவும் எங்களுக்குச் சங்காத்தம் இல்லையே ஆர்லீன்."

"தெரியும்."

"உங்க சபைல யாரும் போட மாட்டாங்களா?"

"எங்க சபைல நூடுல்ஸ் போடுவாங்க."

ஓராவின் தாடிக்குள் ஏதோ அசைந்தது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். பலகையைத் திருப்பிப் போட்டான்.

"எழுதிக் குடுக்க மாட்டேன். சத்தியமும் பண்ண மாட்டேன். யாராவது எங்கிட்ட கேட்டா, காதுல விழுந்ததச் சொல்லுவேன். கேக்கறவன் முன்னாடி வாய மூடிக்கிட்டு நிக்க முடியாதில்ல."

அவன் வீட்டில் போன் கிடையாது. நாலு குடும்பத்துக்குப் பொதுவாக வயலோரத்தில் ஒரு சின்ன மரக்கூண்டுக்குள் ஒரு போன் இருந்தது. ஆர்லீன் வாஷிங்டன் அதிகாரியைப் பிடித்து, இன்ன நாள் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று சொன்னாள். "வீட்டுல இல்லாம வயல்ல ஏன் போன் இருக்குன்னு அவருக்குப் புரியவெக்கத்தான் நேரமாச்சு," என்றாள்.

அந்த நாள் மழை விட்டு வயலெல்லாம் சேறாக இருந்தது. மணி அடித்ததும் ஓரா தொப்பியைக் கழற்றிவிட்டுக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஆர்லீன் வேலியோரமாக நடக்க ஆரம்பித்தாள். நான் காரில் உட்கார்ந்திருந்தேன். அவள் அந்தக் கோடிவரை போவாள், திரும்புவாள், கூண்டுக்குப் பக்கத்தில் வந்து காதைத் தீட்டுவாள், ஒன்றும் கேட்காமல் மறுபடி நடப்பாள். காலணியில் சேறு ஏறிக்கொண்டே போயிற்று. குதிரை வண்டியில் போன ஒரு கிழவர் நிறுத்தி, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். "இன்னும் இல்ல," என்றாள். அவர் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஓரா வெளியே வந்தான். தொப்பியை நிதானமாகத் தலையில் வைத்தான்.

"என்ன கேட்டாரு?"

"அன்னைக்கு லாம்பிரைட் என்ன சொன்னாருன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"அவரு சொன்னத."

"முழுசாச் சொல்லித் தொலையேன் ஓரா."

"சத்தியம் பண்ணச் சொன்னாரு. எங்க வழக்கம் இல்லன்னேன். அப்படின்னா என்ன செய்யணும்னு அவரு புத்தகத்துல தேடினாரு. அதான் இவ்வளவு நேரம். அப்புறம், ஆறு கை வரலைன்னா மிச்சத்த நான்தான் பொறுக்கணும்னு லாம்பிரைட் சொன்னதச் சொன்னேன். எழுதிக்கிட்டாரு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ ஏன் கை தூக்கினன்னும் கேட்டாரு. அது எனக்குத் தெரியாதுன்னேன்," என்றான்.

ஆர்லீன் காலணிச் சேற்றை வேலிக்கம்பியில் தேய்த்தாள். "எனக்கும் தெரியல," என்றாள்.

ஏப்ரல் முடிவில் எங்கள் மாநிலத்திலேயே வார்சா என்ற ஊரில் அவளுக்கு வேலை கிடைத்தது. முதுகு அடிபட்டவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பட்டை தைக்கும் தொழிற்சாலை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். சம்பளம் பழையதைவிடக் குறைவு. சேர்ந்து மூன்று மாதம் கழித்துத்தான் காப்பீடு. அந்த மூன்று மாதத்தைத்தான் எப்படித் தாண்டுவது என்று தெரியவில்லை. டெல்லின் அண்ணனிடம் கேட்டு மே மாதத் தவணையைக் கட்டினார்கள். கேட்டது டெல். போனை வைத்துவிட்டு வெகுநேரம் வாசலில் நின்றான்.

தொழிலாளர் துறையின் முடிவு மே முதல் வாரம் வந்தது. அவளை வேலையிலிருந்து அனுப்பியதாகவே கொள்ள வேண்டும், மார்ச்சிலிருந்தே உதவி உண்டு, அவள் கூடுதலாகக் கட்டியதைக் கம்பெனி வரும் மாதங்களில் கழித்துக்கொள்ள வேண்டும். டெல் அதை அடுப்படியில் நின்று எனக்கும் சேர்த்துப் படித்துக் காட்டினான். ஆர்லீன் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னொரு தடவ படி," என்றாள்.

படித்தான்.

"சரி," என்றாள். சாவியை மேசைமேல் வைத்தாள், எடுத்தாள். "நான் சந்தோஷப்படணும் இல்லையா டெல்?"

டெல் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம்தான். அப்புறம் அவள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

அந்த உதவியில் ஜூலை கடைசிவரை ஓட்டினார்கள். மாத்திரையை டெல் அவள் கண்ணெதிரே போட வேண்டும் என்பது அந்த வீட்டில் புதுச் சட்டம். அவள் வேலைக்குப் போய்விட்டால் என் கண்ணெதிரே. ஜூலை கடைசியில் புதுத் தொழிற்சாலையின் காப்பீடு அட்டை வந்தது. அடுத்த மாதமே எங்கள் கேரவன் ஆலை மொத்தமாகக் கதவைச் சாத்தியது. ஆலையே இல்லையென்றால் ஆலைக் காப்பீடு எங்கே? கோப்ராவும் இல்லை, அதற்கான உதவியும் இல்லை, அன்றோடு எல்லாம் முடிந்தது. ஆர்லீன் சில வார வித்தியாசத்தில் கரையேறியிருந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

அப்படி நின்றவர்களில் டெஸ்ஸாவும் ஒருத்தி. ஒரு சனிக்கிழமை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆர்லீன் வீட்டு வாசலுக்கு வந்தாள். மணியை அடிக்காமல் நின்றாள். நான் புல் வெட்டுவதை நிறுத்தினேன். ஆர்லீனே கதவைத் திறந்தாள்.

"குழந்தைக்கு ஊசி போடணும். என்ன பண்றதுன்னு தெரியல," என்றாள் டெஸ்ஸா. "அன்னைக்கு நான் உங்கள..."

"குழந்தைங்களுக்கு மாநிலத்துல தனியா இன்சூரன்ஸ் இருக்கு. எழுதிப் போடணும்," என்றாள் ஆர்லீன். "திங்கக்கிழமை எனக்கு மதியத்துக்கு மேலதான் வேலை. காலைல ரெடியா இரு."

போகும்போது காரில் வானொலியைச் சத்தமாக வைத்தாளாம், டெஸ்ஸா பேசிவிடக்கூடாது என்று. மன்னித்துவிட்டாயா என்று பின்னால் கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது வெர்ன். வேற யாரு கூட்டிட்டுப் போவா?" என்றாள். மாவட்ட அலுவலகத்தில் உட்கார நாற்காலி இல்லாத அளவுக்குக் கூட்டம். எல்லோரும் எங்கள் ஆலைக்காரர்கள், அவர்களின் குழந்தைகள். டெஸ்ஸாவின் குழந்தை புழுக்கத்தில் வீரிட்டு அழுதது. ஆர்லீன் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்க ஆரம்பித்தாள். நின்றால் அழுதது, நடந்தால் நிறுத்தியது. டெஸ்ஸாவைக் கூப்பிடும்வரை இரண்டு பேரும் அப்படியே நடந்துகொண்டிருந்தார்கள்.